அறுபடாத இணைப்பு

"மறுபடியும் கெட்டிலைப் போடுங்கக்கா" என்றான் இணைப்பைச் சரிபார்க்க வந்திருந்த எர்மெக்.

மனு வாங்கும் எழுத்தர் ஜிபார் பொத்தானைத் தட்டினாள். தண்ணீர் உறுமத் தொடங்கியது. மேசைக்கடியில் மண்டியிட்டிருந்த எர்மெக், சுவரோரம் இருந்த ரௌட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது.

அறையிலிருந்த நான்கு கணினிகளிலும் இணைப்பு போயிற்று.

"பிடிச்சுட்டேன்!" எழுந்த வேகத்தில் தலை மேசையில் இடித்தது. "ஐயா, இங்க வாங்க. அஞ்சு மாசமா உங்களை ஆட்டிவச்ச பேய் இதுதான்."

உள்ளறையிலிருந்து அதிகாரி அசான்பெக் வந்தார். அந்த மாவட்ட உதவித்தொகை அலுவலகம் அவர் பொறுப்பில் இருந்தது.

"கெட்டிலா?"

"ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இருக்கு. கெட்டில் கரண்டை உறிஞ்சுது, ரௌட்டர் மயங்கி விழுது."

அசான்பெக் ஜிபாரின் பக்கம் திரும்பினார்.

"கேவலம் டீத்தண்ணி. இதுக்காகவா நான் நாரின் தலைமை அலுவலகத்துலேர்ந்து மாசாமாசம் திட்டு வாங்கறேன்? டீ இல்லாட்டி உசிரு போயிடுமா உனக்கு?"

"குளிருது, ஐயா."

"குளிருதாம்! கரெக்டா மாசக் கடைசி அன்னிக்கு, அஞ்சு மணிக்கு மேலதான் குளிரும்." எர்மெக்கிடம் சொன்னார்: "கடைசி ஒரு மணி நேரத்துல லைன் அறுந்தா, மறுநாள் மத்தியானம் வரைக்கும் மனு வாங்கணும்னு விதி. எல்லா மாவட்டமும் பட்டியலை அனுப்பிடும். நாம மட்டும் லேட்டு. இந்தம்மா மட்டும் அன்னிக்கு வேலையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க."

அவர் மறுபடி ஜிபாரிடம் திரும்பினார்.

"இன்னிக்கும் முப்பத்தொண்ணு. இன்னொரு தடவை அறுந்துதுன்னா, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்து நாள் பூராவும் டீ குடி."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

எர்மெக்கும் மனசுக்குள் அதையே நினைத்தான். இப்படி எத்தனை பேரை அவன் பார்த்திருக்கிறான். கணினியில் கோளாறு என்பார்கள், கோளாறு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

எதிர்ச்சுவரில் தனி பிளக் ஒன்று இருந்தது. அங்கே ரௌட்டரை மாட்டி, வயரை ஓரமாக இழுத்து ஆணி அடித்தான். கெட்டிலைப் போட்டுப் பார்த்தான். பச்சை விளக்கு அசையவில்லை.

"இனிமே அண்டா நிறைய கொதிக்க வைங்கக்கா. ஒண்ணும் ஆகாது."

ஜிபார் சிரிக்கவில்லை.

மணி ஐந்தானது. அவள் கெட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து போட்டாள். விளக்கைப் பார்த்தபடி நின்றாள். கொதித்து அடங்கியது. கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இன்னொரு முறை போட்டாள். பிறகு மூன்றாவது முறை.

"நம்பிக்கை இல்லையா அக்கா? சொன்னேனே, அறுபடாதுன்னு."

அவள் ஒரு கிண்ணம் டீ கொண்டுவந்தாள். காலையிலிருந்து அவனுக்கு அரைக் கிண்ணம், அரைக் கிண்ணமாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள், மதிப்பான விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல. இப்போது விளிம்புவரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கிளம்பு என்பதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; நிறைந்த கிண்ணம்தான் சொல்லும்.

எர்மெக்கின் காது சூடாயிற்று. வேலையைச் செய்து கொடுத்ததற்கு மரியாதை! ஐந்தரைக்குக் கடைசி வேன். கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். ஷூவுக்குக் குனிந்தபோது ஜிபாரின் செல்பேசி அடித்தது.

"சினாரா! எங்கம்மா இருக்கே? இன்னும் கணவாயிலயா?... பனியை எப்பத் தள்ளுவாங்களாம்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இல்லம்மா, உனக்காக நான் மனு போட முடியாது. உன் கட்டைவிரல் ரேகை வேணும். ஆறு மணிக்குப் பட்டியல் மூடிடும்... தெரியும். மூணு பிள்ளைங்க, தெரியும். இன்னிக்கு விட்டா வசந்தம் வரைக்கும் அடுப்புக்குக் கரி வாங்கப் பணம் கிடையாது, அதுவும் தெரியும்."

சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமா, போன மாசம் அந்தக் குதிரைக்காரத் தாத்தாகிட்ட மறுநாள் மனு வாங்கினேன். அதுக்கு முந்தின மாசம் அந்த ஊமைப் பொண்ணுகிட்ட. இந்தத் தடவை முடியாது சினாரா. லைனை சரி பண்ணிட்டாங்க."

எர்மெக் ஷூ நாடாவை முடிச்சுப் போட்டான். பிறகு அவிழ்த்தான்.

உள்ளறைக் கதவு திறந்தது.

"என்ன தம்பி, கிளம்பியாச்சா?" என்றார் அசான்பெக். "சரியாயிடுச்சுன்னு நாரினுக்கு எழுதிடட்டுமா?"

மணி ஐந்து இருபது.

"இல்ல, ஐயா. கெட்டில் மட்டும் இல்ல. ரௌட்டர் உள்ளயும் ஏதோ கோளாறு. பிரிச்சுப் பார்க்கணும்."

"பிரிச்சுப் பார்க்கணுமா? எப்ப முடியும்?"

"நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

"நாசமாப் போச்சு" என்று முணுமுணுத்தபடி அசான்பெக் உள்ளே போனார்.

எர்மெக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். எதிர்ச்சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். ரௌட்டரை மேசைக்குக் கொண்டுவந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மிட்டாய்த் தட்டில் போட ஆரம்பித்தான்.