பரண் மேல் ஒரு சனிக்கிழமை

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பரண் மேல் குப்புறப் படுத்திருந்தாள் அவள்.

இடப்பக்கம் மாமியாரின் சீதன அண்டா. தெருவையே நிறுத்திக் குளிப்பாட்டலாம். வலப்பக்கம் ஓடாத மின்விசிறிகள். அங்கிருந்த தூசிக்கு அவளைவிட வயது அதிகம்.

ஏணியைக் கணவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வரும்வரை இறங்க வழியில்லை.

யோசனை அவளுடையதுதான்.

முந்தாநாள் உயில் எழுதப் போயிருந்தார்கள். வீடு, நகை, காப்பீடு எல்லாம் மளமளவென்று முடிந்தன. வக்கீல் நிமிர்ந்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஏதாவது ஆயிட்டா, பிள்ளைங்க யாருகிட்டங்க?"

"எங்கக்காகிட்ட," என்றான் அவன்.

"என் தம்பிகிட்ட," என்றாள் அவள், அதே நொடியில்.

வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

தம்பி சுடுதண்ணீர் வைத்தால்கூடத் தீய்ந்துபோகும். ஆனாலும் பூ மாதிரி மனசு. கணவனின் அக்கா, அவளுடைய நங்கையா, வேறு ரகம். பொள்ளாச்சியில் நின்று அதட்டினால் பழனியில் பல்லிக்கு வால் அறுந்து விழும். பிள்ளைகளைக் கைநீட்டி அடிப்பாள் என்றும் கேள்வி.

அதனால்தான் இந்தச் சோதனை. கல்யாணத்துக்குப் போகிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நங்கையாவை வரவழைத்தார்கள். முன்வாசல் வழியாகக் கையசைத்துக் கிளம்பினார்கள். நங்கையா பிள்ளைகளைக் குளிக்க அழைத்துப்போன நேரத்தில் பின்வாசல் வழியாக அவள் மட்டும் பரணுக்கு வந்து சேர்ந்தாள். கணவன் பேக்கரியில் பஃப்ஸ் தின்றுகொண்டிருக்கிறான்.

ஒரு அடி. பிள்ளைகள் மேல் ஒரே ஒரு அடி விழட்டும்.

உயிலில் தம்பி பெயர்தான்.

பரண் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

நங்கையா அடிக்கவில்லை.

பெரியவளுக்குத் தலை வாரினாள். சீப்பைக் கண்டால் பெரியவள் போடும் கூச்சலில் எதிர்வீட்டு நாய் ஊரைவிட்டே ஓடியிருக்கிறது. இன்று கண்ணை மூடிக்கொண்டு, குளிக்கும் கோயில் யானைபோல உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் கீரை தின்றாள்.

கீரை!

இன்னும் வேண்டும் என்றாள்.

மேலே படுத்திருந்தவள் கண்ணைக் கசக்கினாள். தூசி என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம், சின்னவள் பாலைக் கொட்டினாள். டம்ளர் உருண்டு போய்ச் சுவரில் மோதியது. நங்கையாவின் கை உயர்ந்தது.

அடி, என்றாள் அவள் மனதுக்குள்.

தன் பிள்ளையை.

அடி.

கை இறங்கிச் சின்னவளின் தலையைக் கோதியது.

"போனாப் போவுது சாமி. தரைக்கும் பசிக்குமில்ல?"

மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவள் இல்லாத வீட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதே நாற்காலி. அதே காலண்டர். கொடியில் அவளுடைய பழைய நைட்டி. அதைக் கடந்து போனார்கள், வந்தார்கள்.

அம்மா எப்ப வரும்? யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிப் போயிற்று.

யாரும் கேட்கவில்லை.

முழங்கை அண்டாவில் இடித்தது. கோயில் மணியே தோற்றுப்போகும் சத்தம்.

கீழே சிரிப்பு நின்றது.

"அத்தை, பரண்ல யாரோ இருக்காங்க," என்றாள் பெரியவள்.

"எலியா இருக்கும், கண்ணு."

"எலி அழுவுமா?"

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பேய்," என்றாள் சின்னவள். சந்தேகமே இல்லாமல்.

நங்கையா நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்தக் குரலுக்கு இவ்வளவு மெல்லப் பேசத் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை.

"பாவம். அதுக்கும் பிள்ளைங்க இருந்திருக்கும்."

சின்னவள் கொஞ்ச நேரம் பரணையே பார்த்தாள்.

பிறகு கையசைத்தாள், விருந்தாளியை அனுப்பிவைப்பதுபோல.

சாயங்காலம் மூவரும் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனார்கள். அவள் அனுப்பிய குறுஞ்செய்திக்குக் கணவன் பறந்து வந்தான். ஏணியைச் சாத்தினான்.

"எங்கக்கா அடிச்சுதா?"

அவள் இறங்கினாள். தலையெல்லாம் ஒட்டடை. முந்நூறு வருஷம் அங்கேயே கிடந்தவள்போல இருந்தாள்.

"நங்கையா பேரையே எழுதச் சொல்லுங்க."

"நான் அப்பவே சொன்னேன்ல," என்று அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.

அவள் பட்டுச்சேலையை உதறினாள். ஒரு லாரி தூசி. முகத்தைக் கழுவினாள். பின்வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, கல்யாண வீட்டிலிருந்து வருபவளாக முன்வாசலில் வந்து நின்றாள்.

மணியை அடித்தாள்.

உள்ளே மாடிப்படியில் சின்னக் கால்கள் தடதடவென்று இறங்கி ஓடிவந்தன.

யார் என்று கேட்காமல் கதவைத் திறக்கிற பிள்ளைகள். கேட்டுட்டுத் திற, கேட்டுட்டுத் திற என்று அவள் தொண்டை வற்றக் கத்தாத நாளில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

கால்கள் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றன.

"யாருங்க?"

சின்னவளின் குரல்.

அவள் வாயைத் திறந்தாள். அம்மா என்ற சொல் வெளியே வரவில்லை.

"யாருங்க அது?"

மாடியிலிருந்து நங்கையாவின் அதட்டல் வந்தது. "யாரு சாமி?"



"யாருமில்ல அத்தை."

கால்கள் திரும்பி ஓடின.