பொய்ப் பாவு

விடிந்தும் விடியாத தெருவில் கமலக்கண்ணன் நெசவுக்கான நீள இழைகளை, பாவை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டினார்.

நெய்வதற்கான பட்டு இல்லை அது. பரணில் கிடந்த பழைய நூல் பாவு. மகன் தீனாவை நடக்க வைக்க அவர் போட்ட திட்டம்.

தீனாவுக்குப் பதினைந்து வயது. ஆட்டிசம். கொஞ்ச நாளாக உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்படியே விட்டால் சர்க்கரை வந்துவிடும், தினமும் நடக்க வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

கோட்டை மைதானத்துக்கு அழைத்துப் போய், "நடடா" என்று விட்டுவிட்டு இவர் ஓரமாக உட்கார்ந்தார். தீனாவும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

மனைவி ஜெயம் மகனுக்குக் கேழ்வரகு தோசை சுட்டுப் போட்டாள். அதைத் தள்ளிவிட்டு, அப்பா தட்டிலிருந்த பூரியை எடுத்தான்.

தெருவில் பாவு போடும் நாளில் மட்டும் அதிசயம் நடக்கும். அறுந்த இழை பார்த்தபடி கமலக்கண்ணன் பாவுக்கு அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் தீனா கூடவே போவான். வேலை முடியும்வரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சலிக்காமல் நடப்பான்.

பாவு இருந்தால் பிள்ளை நடக்கிறான். கமலக்கண்ணனுக்குப் புரிந்தது அவ்வளவுதான். ஆனால் பட்டுப் பாவு தினமுமா வரும்?

பயம் ஒன்றுதான். இது ஏமாற்று வேலை என்று கண்டுபிடித்துவிட்டால், பிறகு நிஜப் பாவுக்கும் அவன் வரமாட்டான்.

எதிர்வீட்டுப் பச்சையப்பன் பல் துலக்கியபடி சிரித்தார். "இன்னாண்ணே, பழைய நூலைக் கட்டி வச்சிகினு கல்யாணப் பொடவை நெய்யப் போறியா?"

"சும்மா கெடடா. அவன் காதுல வுழப்போவுது."

தீனா வந்தான்.

கமலக்கண்ணன் பாவின் கோடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நட என்று கை காட்டினார்.

தீனா ஓர் இழையை விரலால் தொட்டான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தார் கமலக்கண்ணன். போச்சு.

தீனா நேராக அவர் முன்னால் வந்தான். டாக்டர் மாதிரியே தொண்டையைச் செருமினான். டாக்டரின் குரலிலேயே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான்.

"அப்பா, புள்ளை ரெண்டு பேரும் சேர்ந்து நடங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு."

அன்று வேலூரில் எடை மெஷினில் முதலில் ஏறியது கமலக்கண்ணன்தான். சர்க்கரை வந்தேவிட்டது என்று டாக்டர் சொன்னதும் அவரைப் பற்றித்தான்.

தொந்தியை எக்கி லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

தீனா பாவைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கமே வந்து சேர்ந்தான்.

உள்ளே ஜெயம் பூரிக்கு வைத்த எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.