தண்ணி போகலக்கா

அவனுடைய வெள்ளைச் சட்டை வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. புது வேலையில் இன்று முதல் நாள்; மதியம் அந்தச் சட்டையோடுதான் போய் நிற்க வேண்டும். மெஷின் தண்ணீரையும் விட மாட்டேன் என்கிறது, கதவையும் திறக்க மாட்டேன் என்கிறது. குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, அடியில் இருக்கிற பம்பு மூடியைத் திருகுகிறான். ஈரக் கை வழுக்கிக்கொண்டே போகிறது. கையால் தொட வழியில்லாமல், "தண்ணி போகலக்கா" என்று சுவரில் சாய்த்த போனிடம் சொல்லி, அதையே எழுத வைக்கிறான். குடும்பம் மொத்தமும் இருக்கிற குழுவுக்கு மூக்கால் தட்டி அனுப்பிய பிறகுதான் பார்க்கிறான். "தண்ணி போடலக்கா" என்று போயிருக்கிறது. அக்காவின் பதில் உடனே வந்து விழுகிறது: "நான் கேக்கவே இல்லையேடா, நீயா எதுக்குச் சொல்ற?" பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிறான். மூடி கழல, சோப்பு நாற்றத்தோடு தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து பனியன், கால்மிதி, துடைக்க வைத்திருந்த துண்டு என எல்லாவற்றையும் நனைக்கிறது. பம்புக்குள் விரலை விட்டுத் துழாவுகிறான். முடியும் நூலும் சுற்றிய ஒரு வெள்ளைப் பொத்தான் வருகிறது. 'டக்' என்று கதவு திறக்கிறது. சட்டையை எடுத்து விரித்தால் கழுத்துப் பொத்தானைக் காணோம். "அப்பாடா, தண்ணி போயாச்சு" என்று எரிச்சலோடு சொல்லி, மறுபடி மூக்கால் தட்டுகிறான். "அப்பா, தண்ணி போட்டாச்சு" என்று போகிறது. மறுநொடி போன் அலறுகிறது. திரையில் அப்பா. கையில் சட்டை சொட்டிக்கொண்டிருக்க, மூக்கை நீட்டவே அவனுக்குப் பயமாக இருக்கிறது.