என் பேரைக் கேட்டுச் சொல்லுங்க

இதை எனக்கு முதலில் சொன்னவள் அந்த வீட்டு மருமகள்தான். போன மழைக்காலத்தில், பல் டாக்டரிடம் ஆளுக்கொரு வீங்கிய கன்னத்தோடு நாங்கள் காத்துக்கிடந்தபோது சொன்னாள்.

"பேரைச் சரியாத்தானே சொன்னான்? ஏன் அத்தை போனை வச்சீங்க?"

மருமகள் கேட்டது அத்தையின் காதில் ஏறவேயில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தார்.

மாமா காணாமல் போய் ஒரு மாதமாகிறது. கொஞ்ச காலமாகவே அவருக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பால் வாங்கக் கிளம்பியவர், வீட்டுக்கு வரும் வழியையும் மறந்துவிட்டார்.

ஏசி மெக்கானிக்கான மகன் தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினான். நெட்டிலும் போட்டான். அப்பாவின் போட்டோ, சட்டை நிறம், கன்னத்து மச்சம், அம்மாவின் பேர், வீட்டு செல்போன் நம்பர். ஒன்று விடவில்லை.

அப்புறம் வந்தது போன் மேல் போன்.

"உங்கப்பா எங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கார் சார். உடனே ஆபரேஷன் பண்ணணும். பணத்தைப் போடுங்க, சீக்கிரம்!"

முதல் போனுக்கே மகன் போட்டுவிட்டான். போட்ட கையோடு ஓடிப் போய்ப் பார்த்தால், அந்த முகவரியில் ஒரு டயர் கடை.

அன்றைக்கே அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே எவன் கூப்பிட்டாலும் நான்தான் பேசுவேன்."

குளிக்கப் போனால்கூட போன் ஜன்னல் விளிம்பில் இருக்கும். மணி அடித்தால் ஈரத் தலையோடு ஓடி வருவார். யார் என்ன சொன்னாலும் ஒரே பேச்சுதான்.

"அவர்கிட்ட என் பேரைக் கேட்டுச் சொல்லுங்க."

பேர்தான் நோட்டீசிலேயே இருக்கிறதே! கூப்பிட்டவன் டக்கென்று சொல்வான். "நல்லா இருப்பா" என்று அத்தையும் டக்கென்று வைத்துவிடுவார்.

மருமகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தப்பாகச் சொன்னால் வைக்கலாம். சரியாகச் சொன்னாலும் வைத்தால்?

ஒரு நாள், பேசியவன் போனை வேறு யாரிடமோ கொடுத்தான். தழுதழுத்த கிழக்குரல். அத்தையின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதது. "என்னால முடியல... வந்து கூட்டிட்டுப் போயேன்..."

பக்கத்தில் நின்ற மருமகளுக்கே கண் நிறைந்துவிட்டது.

அத்தை வைத்துவிட்டார்.

"அத்தை! உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"அது அவர் இல்லம்மா."

"குரலை வச்சுச் சொல்றீங்களா? அழுதா யார் குரலும் அப்படித்தான் ஆகும்."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

மகன் வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகள் பொரிந்து தள்ளினாள். "ஏங்க, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மாமா இருந்தவரைக்கும் இவங்களுக்கு ஏச்சும் பேச்சும்தான். இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடறாங்க. அவர் திரும்பி வரணும்னு இவங்களுக்கு ஆசையே இல்ல."

"வாயை மூடு" என்றான் அவன். ஆனால் அவன் முகத்திலும் அந்தச் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலையில் மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை மகன் ஸ்பீக்கரைப் போடச் சொன்னான்.

பேசியது ஒரு பெண். "அம்மா, நான் முதியோர் காப்பகத்துல சமையல் பண்றேன். உங்க நோட்டீஸ்ல இருக்கறவர் மாதிரியே ஒருத்தர் இங்க இருக்கார். ரோட்டுல நின்னவரைப் போலீஸ் கொண்டாந்து விட்டாங்க."

"அவர்கிட்ட என் பேரைக் கேட்டுச் சொல்லும்மா."

போனை அப்படியே வைத்துவிட்டு அவள் ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"கேட்டேம்மா. முழிக்கிறார். பேரெல்லாம் வரல."

இதுவும் புஸ்தான் என்று மருமகள் கணவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சாப்பிடவும் மாட்டேங்கிறார்மா. தட்டைத் தள்ளி வச்சிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி 'உள்ள யாரு? உள்ள யாரு?'ங்கிறார். நான் போய் நின்னா, 'நீ இல்ல'ன்னு அனுப்பிடறார்."

அத்தை அதற்குள் செருப்பில் காலை நுழைத்துவிட்டார். இடது வலது மாறி.

"காப்பகம் எங்கன்னு கேட்டுக்கோடா. பணம் கிணம் ஒண்ணும் அனுப்பாதே. நேர்லயே போவோம்."

"எங்க கிளம்பறீங்க அத்தை? அவர்தான் பேரே சொல்லலையே!"

"சொல்லிட்டாரேம்மா!"

மருமகள் விழித்தாள்.

"உங்க மாமா ஒரு நாளாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா? வாசல்ல கால் வச்சதும் 'உள்ள யாரு?'ம்பார். நான் ஓடுவேன். அதுதான்மா என் பேரு."

மகன் குனிந்து அம்மாவின் செருப்பை மாற்றிப் போட்டுவிட்டான். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நீ அதையும் நோட்டீஸ்ல போட்டிருப்பே."

சிரிக்கப் பார்த்த அத்தைக்குக் குரல் உடைந்தது.

"கல்யாணமான புதுசுல, ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாரான்னு ஏங்கிக் கிடந்திருக்கேன். இந்த ஒரு மாசமா, சொல்லிடக் கூடாதே, கடவுளே, சொல்லிடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டுத்தான் ஒவ்வொரு போனையும் எடுத்தேன்."

கேட்கிற உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்குள் மட்டுமே புழங்குகிற ஒரு சொல் இருக்கும். அதை வெளியில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.