பலகைச் சுவர்

எந்த வகுப்பில் சேரலாம் என்று பார்க்க வந்த ஏழு பேர், செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாக எட்டிப்பார்த்து வருகிறார்கள். பாட்டு அறையில் ஒரே வரியை ஐந்தாம் முறையாக இழுக்கிறார்கள். நாடக அறையில் செத்துக்கிடப்பவர் மூக்கைச் சொறிந்துகொள்கிறார். மூன்றாவது அறையில் ஆறு மாதமாகத் தனியாக மேளம் பழகும் தையல்காரர், வாசிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேளத்துக்கு உறை மாட்டுகிறார். சன்னல் வெயில் அவர் விரல்களின் மேல் கிடக்கிறது. “பக்கத்து அறைக்காரங்க தினமும் சுவத்தைத் தட்டுறாங்க. நமக்கு இது சரிப்படாது,” என்று யாரையும் பார்க்காமல் சொல்லி, உறையின் நாடாவை இறுக்கி முடிச்சுப் போடுகிறார். பலகைச் சுவருக்கு அப்பால் காலடிகள் தடுமாறி, ஒவ்வொன்றாக அடங்குகின்றன. கதவு திறக்கிறது. நடன ஆசிரியை, நெற்றியில் வியர்வையோடு. “என்னண்ணே நிறுத்திட்டீங்க? அங்க பத்துப் பேரு ஒத்தக் கால்ல நிக்குதுங்க!” “அப்ப... சுவத்தைத் தட்டுனது?” “பின்ன? உங்க மேளத்துக்குத்தானே நான் தாளம் போடுறேன்.” தையல்காரர் முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறார். அவரே போட்ட முடிச்சு, அசைய மாட்டேன் என்கிறது. குனிந்து, நூலைக் கடிப்பதுபோல் பல்லால் கடித்து இழுக்கிறார்.