நாலு செகண்ட்

“நம்ம படத்த இந்திக்காரன் கெடுத்து வச்சிருப்பான். நான் வரல!”

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் முகம்மது ஹனீப். திரையில் அவருடைய குத்துச்சண்டை வீரன் எதிராளியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

“வாப்பா, இப்ப நீங்க ஆடுற கேமும் ரீமேக்தான்” என்றாள் மகள் ஆஸியா. “அந்தக் காலத்துல சயான் வீடியோ கேம் பார்லர்ல நீங்க ஆடினதத்தான் புதுசாப் பண்ணியிருக்கான். அதுக்கு மட்டும் ‘ஏக்தம் ஜக்காஸ்’னு புகழுறீங்க?”

“அது வேற, இது வேற. கேம்ல மூஞ்சி மாறினாலும் குத்துறது என் கைதான புள்ள! படத்துல மூஞ்சி போனா எல்லாம் போச்சு.”

“ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு.”

“உன் கூட்டாளி சஃப்ரீனைக் கூட்டிட்டுப் போ. அவ கல்யாணத்துக்குன்னு உம்மாவோட பச்சைச் சேலையக் கட்டிட்டுப் போயி, சேறும் சகதியுமாக் கொண்டுவந்தியே!”

ஆஸியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பழைய படம் தமிழ்ப் படம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் தாராவியில், அவர்கள் சந்திலேயே எடுத்தது. குழாயடிக் காட்சிக்குச் சந்துப் பெண்களையே நிறுத்தினார்கள். ஹனீபைக் கட்டி மூன்று மாதமான மெஹராஜும் நீல வாளியோடு நின்றாள். கேமராவைப் பார்க்கக் கூடாது என்று தலைபாடாய்ச் சொல்லியும், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். யாரோ புண்ணியவான் அதை வெட்டாமல் விட்டுவிட்டான்.

நாலு செகண்ட்.

மெஹராஜ் மவுத்தாகி மூன்று வருடம். அந்த நாலு செகண்டை ஹனீப் எத்தனை தடவை பார்த்திருப்பார் என்பது அந்த டிவிக்குத்தான் தெரியும்.

“அந்தக் குழாயடியில இப்ப வேற எவளோ நிப்பா” என்றார் மெதுவாக. “அதப் பாக்கச் சொல்லுதியா என்னய?”

“குழாயடி வர்ற வரைக்கும் உக்காருங்க வாப்பா. பிடிக்கலன்னா எந்திரிச்சு வந்துருவோம். அப்புறம் ரீமேக்னு நான் வாயே தொறக்க மாட்டேன்.”

மறுநாள் தியேட்டரில் ஹனீப் பாப்கார்னைத் திட்டினார். கதாநாயகனின் தாடியைத் திட்டினார். “பக்வாஸ்!” என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். திரையில், எங்கோ செட் போட்டு எடுத்த அவர்கள் சந்து வந்தது. குழாய் வந்தது. காலால் துழாவி ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“பைட்டோ, சாச்சா!” என்று உட்காரச் சொல்லிப் பின்சீட்டுக்காரன் கத்தினான்.

வெளியே போகுமுன் கண் ஒருமுறை திரைக்குப் போனது. நீல வாளியோடு நின்ற பெண் மெல்லத் திரும்பி, நேராக அவரைப் பார்த்துச் சிரித்தாள். அதே கண். அதே கன்னக்குழி. பச்சைச் சேலை, கரையெல்லாம் சேறு.

பக்கத்து சீட்டில் ஆஸியா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“கேமராவப் பாக்காதன்னுதான் என்கிட்டயும் சொன்னாங்க, வாப்பா.”

ஒற்றைச் செருப்போடு நின்ற ஹனீப், தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

“ஒன்ஸ் மோர்!”