அந்தியில் ஆறு பந்து

விளக்குக் கம்பங்கள் நான்கும் எரியத் தொடங்கிவிட்டன. ஆனால் வானம் இன்னும் முழுதாக அணையவில்லை.

இந்த இருபது நிமிடம்தான் வில்லங்கமே. பகலும் இல்லை, இரவும் இல்லை. இளஞ்சிவப்புப் பந்து ஆகாயத்தோடு ஆகாயமாகக் கரைந்துபோகிற நேரம்.

அண்ணன் வாளியிலிருந்து முதல் பந்தை எடுத்தான். ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிப் பந்து எறிவது அணியில் அவன் வேலை. எதிரே மட்டையோடு நிற்பவன் அவனுடைய சொந்தத் தம்பி. அணியின் கேப்டன், முதலில் இறங்கி ஆடுகிறவன்.

அடுத்த மாத டெஸ்டை இளஞ்சிவப்புப் பந்தில் பகலிரவு ஆட்டமாக வைக்கலாமா என்று கிரிக்கெட் வாரியம் கேட்டிருந்தது. வேலை முடிந்து ஜனம் வரும், அரங்கம் நிறையும், அதெல்லாம் சரி. அணியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேரோ, அந்தி நேரத்தில் பந்தே கண்ணில் படாது, எதிரணிக்காரன் போடுகிற வேகத்துக்கு மண்டை தப்பாது என்றார்கள். கடைசியில் முடிவு கேப்டன் தலையில் விழுந்தது.

நானே நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தான் தம்பி. வாரியச் செயலாளர் படிக்கட்டில் கைபேசியோடு காத்திருந்தார்.

முதல் பந்து. முன்காலை வைத்துத் தடுத்தான். நடு மட்டையில் 'டொக்' என்றது.

இரண்டாவது கொஞ்சம் எகிறியது. பின்னால் போய் அமுக்கினான். மூன்றாவது காலுக்கு வந்தது. மணிக்கட்டைத் திருப்பினான், எல்லைக் கயிறு வரைக்கும் ஓடியது.

அண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தம்பிக்கு முப்பத்தாறு வயசாச்சு, கண் மங்கிப்போச்சு என்று தேர்வாளர்கள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார்கள். பேசுகிறவர்கள் வந்து பார்க்கட்டும்.

நான்காவது, வியர்த்த விரலில் வழுக்கிவிட்டது. கை போனது ஒரு பக்கம், பந்து போனது ஒரு பக்கம்.

கை காட்டிய பக்கத்துக்குத்தான் தம்பியின் கால் போனது. பந்து விலாவில் இறங்கியது.

"பாத்துடா!"

"பாத்துதான்ணே வாங்கினேன். உடம்புல வாங்குறதும் ஆட்டம்தானே." சிரித்தான்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடி வருவதைப் பார்க்கிறவன் எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் ஒரு நொடி சுருங்குவான். இவன் உடம்பு, பந்து பட்ட பிறகுதான் சுருங்கியது.

இருபது வருடமாக இவனுக்கு எறிகிற கை இது. தோள் எப்படி இறங்கினால் பந்து எங்கே குத்தும் என்பது தம்பிக்குத் தண்ணி பட்ட பாடு. இவன் பந்தைப் பார்த்து ஆடுகிறானா, கையைப் பார்த்து ஆடுகிறானா?

ஐந்தாவதை ஒழுங்காக எறிந்தான். டொக். நடு மட்டை.

அதைக் கேட்டபோது இன்னும் பயமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு போதும்ணே. பாவம், அவரு நிக்கறாரு."

அண்ணன் கடைசிப் பந்தோடு மூன்று எட்டு ஓடி வந்து, தோளை இறக்கி, கையை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வீசினான்.

தம்பி காலைக் குறுக்கே வைத்தான். மட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தி, தொடாமல் விட்டான். கழுத்தைத் திருப்பி, பின்னால் போகிற பந்தை நிதானமாகப் பார்த்தான்.

"அரை அடி வெளிய. நல்லாத் தெரியுதுண்ணே. பசங்க சும்மா பயந்து சாகறானுங்க."

கையுறையைக் கழற்றிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் நடந்தான். செயலாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அவர் கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோனார்.

கூப்பிட வேண்டும் என்று அண்ணன் வாய் திறந்தான். சொன்னால், தம்பியின் ஆட்டம் இந்தப் புல்லிலேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால், அடுத்த மாதம் எதிரே ஓடி வரப்போவது அண்ணன் இல்லை.

வீசிய கையைக் குனிந்து பார்த்தான்.

ஆறாவது பந்து இன்னும் அவன் கைக்குள்தான் இருந்தது.